பேணகத்தின் பின்பக்கம்

கலாநிதி நமசிவாயத்தின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வாடகைக்கு எடுத்த கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது, யாழ் குடாநாட்டு அறிஞர் ஆவணப் பேணகம் உடுப்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு மொறிஸ் மைனர் காரில், புகை கக்கிக்கொண்டு வந்தது. முதலில் தலைவர் கனிசியஸ் இறங்கினார். பின்னால் ஒரு மாலையைத் தூக்கிக்கொண்டு செயலாளர் நடராசா இறங்கினார். மாலை இறந்தவரின் படத்துக்கு என்றுதான் அவருடைய மனைவி ஞானாம்பிகை நினைத்தாள். அது, தலைவர் பேசுவதற்கு முன் தலைவருக்குப் போடுவதற்கு.

கனிசியஸ் ஓய்வுபெற்ற கல்வி அதிகாரி. நடராசா ஓய்வுபெற்ற தலைமை லிகிதர். நாடு தங்களை ஓய்வெடுக்க விடவில்லை என்று இருவரும் சொல்வார்கள். நாட்டை யாரும் விசாரித்துப் பார்த்ததில்லை.

"மிஸிஸ் நமசிவாயம், உங்கடை அவர் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. இந்த மண்ணின்ரை சொத்து," என்றார் கனிசியஸ், மாலை கழுத்தில் ஏறியதும். "உயிரோடை இருக்கேக்கை நாங்கள் ஒருத்தரும் வந்து பாக்கேல்லை எண்டு நீங்கள் குறை நினைக்கக் கூடாது. எங்கடை யாப்பு விதியின்படி, உயிரோடை இருக்கிறவரை அறிஞராக் கணிக்க ஏலாது. அவர் பிறகு ஏதும் பிழையாச் சொல்லிப்போடுவார், பாருங்கோ."

ஞானாம்பிகை பள்ளிக்கூடத்தில் மனையியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். பெரிய பேச்சு அவளுக்குப் பழக்கமில்லை. "என்ன வேணும் சேர்?" என்று கேட்டாள்.

"அவரின்ரை கடுதாசிகள்."

கடுதாசிகள் ஏழு றங்குப் பெட்டிகளில் இருந்தன. ஒரு கொம்பியூட்டர் ஒரு முழு அறையை அடைத்துக்கொண்டு நின்ற காலத்தில் நமசிவாயம் கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தில் அதோடு வேலை செய்தவர். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தையில் இருந்த வீடு எரிந்துபோனது. அலுவலகத்தில் இருந்தபடியால் கடுதாசிகள் தப்பின. அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது ஞானாம்பிகையிடம் மாற்றிக் கட்ட ஒரு சேலை இருக்கவில்லை. அவரிடம் ஏழு பெட்டி கடுதாசி இருந்தது. அன்று அவள் பேசிய பேச்சைக் கப்பலில் வந்த பாதிப்பேர் கேட்டார்கள்.

அவற்றில் அவர் பெரிதாக மதித்தது ஓர் அறிக்கையைத்தான். குடாநாட்டில் நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. கிணற்றை அளவுக்கு மீறி வெட்டினால் உவர் ஏறிவிடும். உடுப்பிட்டியை அடக்கிய வடமராட்சியில் எந்தக் கிணற்றை எவ்வளவு ஆழத்துக்கு வெட்டலாம் என்று, லீவு நாட்களெல்லாம் கயிறும் கையுமாக அலைந்து அளந்து, அந்த அறைபோன்ற யந்திரத்தில் கணக்குப் போட்டு எடுத்திருந்தார். மறுபிரதி கொழும்பில் இருந்தது. போரில் பாதை அடைபட்டு, கொழும்பு அப்போது சந்திரனுக்குக் கொஞ்சம் அப்பால் இருந்தது.

"கிணத்து அறிக்கையை ஆரும் கேட்டு வந்தால் குடுக்கச் சொன்னவர் சேர்," என்றாள். "வீட்டிலையெண்டால் கறையான் ஏறுது. அதுதான் யோசிக்கிறன்."

"கறையானுக்கும் உங்களுக்கும் இனி அந்தக் கவலை வேண்டாம்," என்றார் கனிசியஸ். பெட்டிகள் அன்றே ஏறின. இரண்டு பெட்டிக்குக் காரில் இடமில்லாமல் போகவே நடராசா இறங்கி பஸ்ஸில் போனார்.

பேணகம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கையில், கனடாவுக்குப் போய்விட்ட ஒருவரின் மேல்மாடி வீட்டில் இருந்தது. திறப்புவிழாவுக்கு ஞானாம்பிகையை அழைத்தார்கள். வாசலில் கட்ட ரிபன் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. அப்போது இல்லாத பொருள் எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருள்தான். நடராசா ஒரு பெட்டியைத் திறந்து, பெரிய வட்டச் சுருளில் சுற்றியிருந்த மண்ணிறக் காந்த நாடாவை எடுத்து வாசலுக்குக் குறுக்கே கட்டினார். கனிசியஸ் அதை வெட்டினார். சபை கைதட்டியது.

"நடராசா அண்ணை, உதிலை அவர் சேர்த்த கணக்கெல்லாம் இருக்கு," என்றாள் ஞானாம்பிகை பதறிப்போய்.

"ஒண்டும் போகேல்லை ரீச்சர். முந்தி ஒண்டாய் இருந்தது, இப்ப ரண்டு. சேகரிப்பு கூடியிருக்கு."

வந்தவர்களின் மார்பில் குத்தியிருந்த பெயர்ச் சீட்டுகளைப் பார்த்தாள். எல்லாம் நமசிவாயத்தின் துளையட்டைகள். கொம்பியூட்டருக்குக் கணக்குச் சொல்வதற்காக அவற்றில் துளை போட்டிருந்தார்கள். ஊசி குத்துவதற்கு வேறு ஓட்டை தேவைப்படவில்லை என்று நடராசா விளக்கினார்.

கனிசியஸ் நெடுநேரம் பேசினார். "கலாநிதி நமசிவாயம் என்ன ஆராய்ச்சி செய்தவர் எண்டு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் விளங்காத அளவுக்கு ஒரு மனுசன் உயர்ந்திருக்கிறார் எண்டால், அந்த உயரத்தைப் பேணுறதுதான் எங்கடை கடமை. விளங்கப்படுத்தி அதைக் குறைக்க நாங்கள் விடமாட்டம்."

பெட்டிகளில் ஒட்டுவதற்குச் சீட்டு எழுதும் வேலை அடுத்த நாளே தொடங்கி அன்றே நின்றது. 'கொம்பியூட்டர்' என்ற சொல் பேணகத்துக்குள் நுழையக்கூடாது என்று தலைவர் சொல்லிவிட்டார். 'கணனி' என்று எழுத வேண்டும் என்றது ஒரு பக்கம். 'கணிப்பொறி' என்றது மறுபக்கம். சொல்லாக்கக் குழு ஒன்று அமைந்தது. முடிவு வரும்வரை அந்தச் சொல்லுக்கு இடம் விட்டு, '______ விஞ்ஞானி நமசிவாயம்' என்று எழுதிச் சீட்டுகளை ஒட்டினார்கள். இரண்டு வருடத்துக்குப் பிறகும் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.

அந்த இரண்டாம் வருடந்தான் மார்க்கண்டு ஞானாம்பிகையின் படலையைத் தட்டினார். வயாவிளானில் வெங்காயமும் மரவள்ளியும் பயிர்செய்தவர். தொண்ணூறில் இடம்பெயர்ந்து, இடம் மாறி மாறி, இப்போது உடுப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் தன் ஊர்க் குடும்பங்களோடு இருந்தார். முகாமுக்கு அவர்தான் பொறுப்பு.

"முகாம் கிணறு உவர், அக்கா. அதைக் குடிச்சு சனத்துக்கு வயித்தாலை அடிக்குது. எங்களோடை இருக்கிற பத்மாவதியின்ரை குழந்தை கண் திறக்குதில்லை. பக்கத்திலை மூண்டு பாழ்க் கிணறு கிடக்கு. ஒண்டை வெட்டி ஆழமாக்கினால் தண்ணி வரும். வெடி வைக்க ஏலாது, அலவாங்காலைதான் கல்லை உடைக்கவேணும். சாப்பாடு இல்லாத சனம். ஒரு கிணறுதான் உடைப்பினம். பிழையான கிணத்தை வெட்டினமெண்டால் உவர் ஏறி அதுவும் போச்சு. உங்கடை அவர் அளந்து வைச்சவர் எண்டு இங்கத்தைச் சனம் சொல்லுது."

"ஓம். அளந்தவர்," என்றாள். கூடையில் ஒரு போத்தல் தண்ணீரை வைத்து, சைக்கிளை எடுத்து, வல்லை வெளியின் எதிர்காற்றில் மூச்சு வாங்க மிதித்துத் திருநெல்வேலிக்குப் போனாள்.

நடராசா அவளை அன்போடுதான் வரவேற்றார். வந்த காரியத்தைச் சொன்னதும், பேணகத்துக்குள் அடுப்பு மூட்டப் போகிறேன் என்று அவள் சொன்னதுபோல விழித்தார்.

"வாசிக்கவோ?"

"ஓம். கிணத்து அறிக்கையை."

"ரீச்சர், இது பேணகம். வாசிகசாலை சந்தைக்குப் பக்கத்திலை இருக்கு."

"என்ரை மனுசன் எழுதினது அண்ணை. நான் தந்தது."

"அதுதான் சிக்கல். தந்தவர் வாசிக்கிறதெண்டால், பிறகு அதைத் திருப்பி எடுக்க வந்ததாகவும் ஆரும் நினைக்கலாம். வேறை ஆரும் கேட்டாலும் குடுக்கேலாது, ஏனெண்டால் வகைப்படுத்தேல்லை. வகைப்படுத்திறதெண்டால் சீட்டு முடியவேணும். சீட்டு முடியிறதெண்டால் சொல் வேணும்."

சொல்லாக்கக் குழு அன்று மேல்மாடியில் கூடியிருந்தது. கதவுக்கு வெளியே நின்று ஞானாம்பிகை கேட்டாள். 'கணனி'க்காரர் ஒருவர், 'கணிப்பொறி' என்றால் எலிப்பொறி ஞாபகம் வருகிறது என்று சொன்னார். 'கணிப்பொறி'க்காரர் அதற்காக மன்னிப்புக் கேட்கும்வரை கூட்டம் நடக்காது என்றார். மன்னிப்புக்கான வாசகத்தை எழுத ஓர் உபகுழு தெரிவானது. பிறகு தேத்தண்ணி கொண்டுபோனார்கள். சீனி இல்லாத காலம்; பனங்கட்டித் துண்டுகள் மட்டும் ஆளுக்கொன்றாகப் போயின.

குழந்தை நோயில் கிடப்பதை அவள் கனிசியஸிடம் சொன்னாள். அவர் உண்மையாகவே கவலைப்பட்டார். "அவசர விண்ணப்பம் எண்டு எடுப்பம்," என்றார். அவசர விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழு அடுத்த மாதம் கூடுவதாக இருந்தது.

குழந்தை அடுத்த கிழமை செத்துப்போனது. மார்க்கண்டு அதைத் துணியில் சுற்றிக் கையில் ஏந்திக்கொண்டு போனதை ஞானாம்பிகை தெருவில் நின்று பார்த்தாள். பத்மாவதி அழவில்லை. வாளியோடு அதே உவர்க் கிணற்றடிக்குப் போனாள். மற்றப் பிள்ளைக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

ஞானாம்பிகை மறுபடி சைக்கிளை எடுத்தாள். இந்த முறை நடராசாவோடு கதைக்காமல் நேரே தலைவரின் அறைக்குள் போனாள்.

"குழந்தை செத்துப் போச்சு, சேர்."

கனிசியஸ் எழுந்து நின்றார். நடராசாவையும் நிற்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் மௌனமாக நின்றார்கள். பிறகு கதிரையில் இருந்தார்கள்.

"இப்பவாவது பெட்டியைத் திறவுங்கோ. இன்னும் பிள்ளையள் இருக்கு."

"மிஸிஸ் நமசிவாயம், உங்கடை உணர்ச்சி எனக்கு விளங்குது," என்றார் கனிசியஸ். "ஆனால் நீங்கள் ஆவணத்தின்ரை பக்கத்திலையிருந்தும் பாக்கவேணும். கறையான் ஒரு தாளை அரிச்சால், அந்தத் தாள்தான் போகும். வாசகன் எண்டு ஒருத்தன் வந்தால் எல்லாத் தாளையும் புரட்டுவான். எச்சில் தொட்டுப் புரட்டுவான். வாசிச்ச பிறகு, இது பிழை, அது சரி எண்டு சொல்லுவான். முப்பது வருசம் கல்வித் திணைக்களத்திலை இருந்தனான். எத்தினை ஆயிரம் பாடப் புத்தகத்தைப் பிள்ளையள் வாசிச்சுப் பழுதாக்கினதைப் பாத்தனான்! அண்டைக்கே தீர்மானிச்சனான், ஒரு இடத்திலையாவது எழுத்தை நிம்மதியா இருக்க விடவேணும் எண்டு."

அவர் குரல் தழுதழுத்தது. நடராசாவும் கண்ணைத் துடைத்தார்.

வெளியே நிழலில் இளைப்பாறிவிட்டுச் சைக்கிளை எடுத்தபோது நடராசா பின்னால் ஓடிவந்து ஒரு தாளை நீட்டினார். "இப்பதான் அவசரக் கூட்டம் போட்டு எடுத்தது, ரீச்சர். குழந்தையின்ரை மறைவுக்கு அனுதாபத் தீர்மானம். தாயிட்டைக் குடுத்துவிடுங்கோ."

அழகான கையெழுத்து. 'இளந்தளிரின் இழப்பால் பேணகம் ஆறாத் துயரில் ஆழ்கிறது' என்று தொடங்கியது. தாளின் ஓரங்களில் வரிசையாகச் சிறு துளைகள் இருந்தன. ஞானாம்பிகை அதைத் திருப்பினாள். பின்பக்கம் முழுதும் மங்கலான மையில் எண்கள். தலைப்பில் கரணவாய் என்றிருந்தது. அதன் கீழே கிணறுகளின் பெயர்களும் ஆழங்களும்.

"இது எங்கத்தைக் கடுதாசி, அண்ணை?"

"கடையிலை எங்கை கடுதாசி? புதினப் பேப்பரே அப்பியாசக் கொப்பித் தாளிலைதான் அச்சடிக்கினம். கலாநிதியின்ரை பெட்டியிலை நல்ல தடிச்ச மொத்தத் தாள் கிடந்தது, ரீச்சர். ஒரு பக்கந்தான் அடிச்சிருக்கு. மற்றப் பக்கம் புத்தம் புதுசு. எங்கடை கூட்டக் குறிப்பெல்லாம் அதிலைதான். அவரின்ரை அறிக்கையும் எங்கடை குறிப்பும் ஒண்டாய்ப் பேணப்படுகுது. ஒரு கல்லிலை ரண்டு மாங்காய்."

ஞானாம்பிகைக்கு அந்த மனிதனைச் சைக்கிள் பம்பால் அடிக்கவேண்டும் போல இருந்தது. "அப்ப அந்தக் கூட்டக் குறிப்பையாவது காட்டுங்கோ," என்றாள்.

"ஐயோ, அது அங்கத்தவர்களுக்கு மட்டும். வெளியாருக்கு முப்பது வருசத்துக்குக் காட்டக்கூடாது."

அவள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை முனைவரை நடந்தாள். அங்கே நின்று கொஞ்சம் யோசித்தாள். பிறகு திரும்பி வந்து, முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, மறுபடி தலைவரின் அறைக்குள் போனாள்.

"சேர், நான் கோபத்திலை கதைச்சுப்போட்டன். நீங்கள் சொன்னதை யோசிச்சுப் பாத்தன். எவ்வளவு ஆழமாச் சிந்திக்கிறியள்! நானும் பேணகத்திலை அங்கத்தவராச் சேரலாமோ?"

கனிசியஸின் முகம் மலர்ந்தது. "மாதர் பிரதிநிதி ஒருவர் இருக்கவேணும் எண்டு திறப்புவிழா அண்டைக்கே தீர்மானிச்சனாங்கள். ஆரெண்டுதான் தீர்மானிக்கேல்லை."

"சேர்ந்தால், உங்கடை பழைய உரையளை முழுக்க வாசிக்கவேணும் எண்டு ஆசை. கூட்டக் குறிப்புகளிலை இருக்குமே?"

பேணகத்தின் வரலாற்றில் எதையாவது வாசிக்க ஆசைப்படுவதாகச் சொல்லித் தலைவரை மகிழ்வித்த முதல் ஆள் அவள்தான். அங்கத்தவராவதற்கு இருந்த காத்திருப்புக் காலம் உடனே தள்ளுபடியானது. நடராசா குறிப்புக் கட்டுகளைச் சணல் கயிற்றால் சைக்கிள் கரியரில் கட்டிவிட்டார். "ஆறுதலா வாசியுங்கோ ரீச்சர். எங்கடை எழுத்தை ஆரும் விரும்பி வாசிப்பினம் எண்டு நான் நினைச்சுப் பாக்கேல்லை," என்றார். அவர் உண்மையாகவே நெகிழ்ந்துபோயிருந்தார். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

முகாம் மண்டபத்தில் வாங்குகளை ஒதுக்கி, ஞானாம்பிகையும் மார்க்கண்டுவும் பத்மாவதியும் தாள்களைக் கவிழ்த்துப் பரப்பினார்கள். வரவேற்புரைகள், நன்றியுரைகள், மன்னிப்பு வாசகத்தின் பன்னிரண்டு வரைவுகள் எல்லாம் சீமெந்துத் தரையைப் பார்த்துக் குப்புறக் கிடந்தன. மேலே நமசிவாயத்தின் கிணறுகள் ஊர் ஊராக விரிந்தன. கரணவாய் இருந்தது. இமையாணன் இருந்தது. வதிரி இருந்தது. உடுப்பிட்டி இல்லை.

மறுபடியும் தேடினார்கள். இல்லை.

ஞானாம்பிகை கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். தலைவரின் கதிரைக்குப் பின்னால் சுவரில் தொங்கிய கண்ணாடிச் சட்டம் ஞாபகத்துக்கு வந்தது. கனிசியஸின் மணிவிழாவுக்கு நடராசா எழுதிக் கொடுத்த வாழ்த்துப்பா. நல்ல மொத்தத் தாள். ஓரத்தில் துளைகள்.

"தம்பி, இங்கை ஒரு பாராட்டுவிழா வைக்கவேணும்," என்றாள்.

"ஆருக்கு?" என்றார் மார்க்கண்டு.

சொன்னாள். மார்க்கண்டு வாயில் வந்ததைப் பத்மாவதி நின்றபடியால் விழுங்கிக்கொண்டார்.

இடம்பெயர்ந்த மக்கள் தன்னைப் பாராட்ட ஆசைப்படுகிறார்கள் என்று கேட்டபோது கனிசியஸ் வியப்படையவில்லை. அந்த வாழ்த்துப்பாவைச் சபையில் வாசித்துவிட்டு மேடையில் மாட்டி வைத்தால் சனம் கண்குளிரப் பார்க்கும் என்று ஞானாம்பிகை சொன்னதும், அதைத் தானே மடியில் வைத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.

மொறிஸ் மைனர் மறுபடியும் உடுப்பிட்டிக்கு வந்தது. நடராசா வாழ்த்துப்பாவைப் பாடினார். பிறகு மார்க்கண்டு, மாட்டுவதற்கு ஆணி தேடுவதாகச் சொல்லிச் சட்டத்தை வாங்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் போனார். கனிசியஸ் பேச எழுந்தார். பத்மாவதி ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"மிஸிஸ் நமசிவாயம், உது என்ன தண்ணி?"

"இவையள் குடிக்கிற தண்ணி, சேர்."

"இளநி ஏதும் இல்லையோ?"

இளநீர் வரவழைக்கப்பட்டது. கனிசியஸ் தெம்போடு தொடர்ந்தார். "அன்பான அகதிகளே! உங்களுக்குத் தாகம் எண்டு கேள்விப்பட்டன். தாகத்திலை ரண்டு வகை இருக்கு. ஒண்டு உடம்பின்ரை தாகம். அது மாட்டுக்கும் இருக்கு. மற்றது அறிவுத் தாகம். முதலாவதை நீங்கள் பெரிசா எடுக்கக்கூடாது. நான் என்ரை வாழ்நாளிலை எடுத்ததில்லை."

அவர் இரண்டாவது வகைக்குப் போனபோது மேடைக்குப் பின்னாலிருந்து மார்க்கண்டு வெளியே வந்து, வாசலில் நின்று தலையை அசைத்தார். முதலில் ஆண்கள் எழுந்தார்கள். சுவரில் சாத்தியிருந்த அலவாங்குகளையும் மண்வெட்டிகளையும் எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பிறகு பெண்கள் கடகங்களோடு போனார்கள். மண்டபத்தில் ஞானாம்பிகையும் நடராசாவும் மிஞ்சினார்கள். கனிசியஸ் இன்னும் கொஞ்சநேரம் பேசினார்.

"எங்கை எல்லாரும்?" என்று கடைசியில் கேட்டார்.

"நீங்கள் சொன்னதைக் கேட்டு இருக்கேலாமல் போட்டினம், சேர்," என்றாள் ஞானாம்பிகை.

அவர் தலையை ஆட்டி அதை ஏற்றுக்கொண்டார். தலைவரின் உரையால் உந்தப்பட்ட மக்கள் கணமும் தாமதியாது செயலில் இறங்கினர் என்று நடராசா குறிப்பில் எழுதினார். சட்டத்தின் ஆணி கழன்றுவிட்டது, சரிபண்ணி வைக்கிறேன் என்று சொல்லி ஞானாம்பிகை அவர்களை அனுப்பிவைத்தாள்.

எல்லோரும் ஒதுக்கியிருந்த, பற்றை மூடிக்கிடந்த நடுக் கிணற்றைத்தான் அறிக்கை சொன்னது. மார்க்கண்டு முன்னதாக வெட்ட நினைத்திருந்த பெரிய கிணறு, ஒரு முழம் தோண்டினாலும் உவர் ஏறும் கிணறு. மாரி தொடங்குமுன் நடுக் கிணற்றில் கல் உடைந்து தண்ணீர் ஊறியது. முதல் வாளியை மார்க்கண்டு பத்மாவதியிடம் கொடுத்தார். அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர். வாளியைக் கீழே வைத்துவிட்டு, குழந்தை செத்த அன்று அழாத அழுகையைக் கிணற்றுக் கட்டின்மேல் குந்தி அழுதாள். ஞானாம்பிகை பக்கத்தில் போய் இருந்தாள்.

சில நாள் கழித்து நடராசா சைக்கிளில் வந்தார். குறிப்புகளையும் சட்டத்தையும் உடனே மீட்கும்படி பேணகம் தீர்மானித்திருந்தது. ஓர் ஆவணம் வெளியே போனது இதுதான் முதல் தடவை என்றும், இனி அப்படி நடக்காமல் தடுக்க ஒரு குழு அமைத்திருப்பதாகவும் சொன்னார். வல்லை வெளி வெயிலில் வந்த மனிதனுக்கு நாக்கு வறண்டிருந்தது. ஞானாம்பிகை அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். செம்பு நிறைய வாங்கிக் குடித்தார். இன்னொரு செம்பும் குடித்தார்.

"அருமையான தண்ணி, ரீச்சர். உந்தக் கல்லுக்குள்ளை இப்பிடித் தண்ணி இருக்கெண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சனியள்?"

"நீங்கள் கட்டிக்கொண்டு போற உந்தச் சட்டத்துக்குள்ளை இருக்கு, அண்ணை. பின்பக்கத்தைப் பாருங்கோ."

நடராசா கரியரில் சணல் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தார்.

"பின்பக்கம் பாக்கிறதெண்டால் ரண்டு பேர் முன்னிலையிலை பாக்கவேணும், ரீச்சர்," என்று சொல்லிவிட்டு, சைக்கிளில் ஏறிப் போனார்.